வாய்ஸ் ரூம்

தென்காசியில் ஒரு மாடியறை. வெளியே குற்றாலச் சாரல். சாம்பல் வெளிச்சத்தில் மூன்று பேர் ஒரே லேப்டாப் முன் குனிந்திருக்கிறார்கள். அறையைக் காலி செய்துவிட்டு இனி அவரவர் வீட்டிலிருந்தே கேம் உருவாக்கப் போகிறார்கள்; எந்த ஆப்பில் கூடிப் பேசுவது என்று இன்று முடிவாக வேண்டும். "வாய்ஸ் ரூம் உள்ளதையே எடுப்போம்லே. பேசிக்கிட்டே வேலை பாக்கலாம்," என்கிறான் குற்றாலிங்கம். படம் வரையும் ஜெபஸ்டின் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைக்கிறான். நேரில் அவனுக்குப் பேச்சு திக்கினால் இருவரும் முகம் பார்த்துக் காத்திருப்பார்கள். முகம் தெரியாத இடத்தில் அந்த மௌனத்தை யார் பொறுத்துக்கொள்வார்கள்? டீ கிளாஸின் விளிம்பை அவன் விரல் சுற்றிச் சுற்றி வருகிறது. ஜுஹைனா அதைப் பார்த்துவிடுகிறாள். "எங்க அச்சன்புதூர்ல நெட்டு இழுத்துக்கிட்டுக் கெடக்கும். எழுதிப் போடுத ஆப்பே போதும்," என்கிறாள். நேற்றுதான் அங்கிருந்து ஒரு பெரிய வீடியோவை நொடியில் அனுப்பியிருந்தாள் அவள். ஜெபஸ்டினுக்குக் கண் கலங்குகிறது. குற்றாலிங்கம் தலையாட்டியபடி மவுஸை நகர்த்த, ஜெபஸ்டின் அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறான். "வா... வாய்ஸ் உள்ளதே இருக்கட்டும். நா... நான் சொல்லி முடிக்கித வரைக்கும் இருப்பியள்லா?" "வேற எங்கலே போவப் போறோம்?" என்கிறான் குற்றாலிங்கம்.