நட்டநடுவில் ஓர் இடம்

சாளை மீன் கூட்டத்தின் நட்டநடுவில் இடம் பிடிக்க ஒரு சாளைக்கு மூன்று மாதம் ஆனது. முண்டியடித்து, அசந்தவர்களை இடித்துத் தள்ளி, ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது.

ஓரத்தில் நீந்தும் அதன் சிநேகிதன் ஒருநாள் உள்ளே வந்து, "காலையில சூரை மீன் வந்துச்சு மச்சான். எங்க பக்கம் ஏழெட்டுப் பேர் போயிட்டாங்க" என்றது.

"அதுக்குத்தான் சொல்றேன். சுத்தி ஆயிரம் பேர் இருந்தா நம்ம மேல பல்லு படுமா?"

"கடலைப் பாத்து எத்தனை நாளாச்சு உனக்கு?"

"கடலைப் பாத்து என்ன பண்ணப் போறேன்?"

மறுநாள் தண்ணீர் அதிர்ந்தது. ஓரத்திலிருந்து சிநேகிதன் கத்தியது: "மச்சான், வலை! சுத்தி வளைக்கிறாங்க, வெளிய வா!"

"நான் நகந்தா இந்த இடத்துல வேற எவனாவது புகுந்துருவான். நீ போ."

வலையின் வாய் இறுகுவதற்குள் ஓரத்துச் சாளைகள் சில நழுவித் தப்பின. சிநேகிதனும் தப்பியது. மற்றவை ஒன்றோடொன்று நெருங்கி, செதிலோடு செதில் உரச, மெல்ல மேலே ஏறின.

நாலாபுறமும் நெருக்கம் கூடக்கூட நடுச்சாளைக்கு நிம்மதி தாங்கவில்லை.

"இனிமே எந்தச் சூரையும் என்னைத் தொட முடியாது" என்றது.