காலி நாற்காலி

பெர்த் நகரத்து இருபது லட்சம் பேரின் பாதுகாப்பும் அன்று காலை பத்து மணிக்கு நீதிமன்றத்தில் நான்கு கறுப்பு அங்கிகளின் தோளில் இறங்கியது.

முதல் இருபது நிமிடம் காணொளித் திரை வேலை செய்யவில்லை.

வேலை செய்தபோது, சிறையிலிருந்து ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலி தெரிந்தது.

“கூப்பிட்டுப் பாத்தாச்சு, ஆளு வரல,” என்றது திரைக்குள் ஒரு குரல்.

பார்வையாளர்களின் கடைசி வரிசையில் இருந்த கெல்வின் டக்வெல்லுக்குக் குழப்பமாக இருந்தது. அந்த நாற்காலி அவருக்கானது.

மதுக்கடைகளில் கத்தியைக் காட்டி மூன்று முறை உள்ளே போனவர். தண்டனை வெள்ளிக்கிழமை முடிகிறது என்பது நீதிமன்றத்தின் கணக்கு. நேற்றே முடிந்துவிட்டது என்பது சிறையின் கணக்கு. உடைமைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

விட்டது விட்டதுதானா, திரும்பப் பிடிப்பார்களா? தெரிந்துகொள்ளத்தான் ரயிலேறி வந்திருந்தார்.

தண்டனை முடிந்த பிறகும் டக்வெல்லை உள்ளேயே வைக்க வேண்டும் என்று மனுப் போட்டிருந்த அரசு வழக்கறிஞர் எழுந்தார். டக்வெல் வராததே அவர் அடங்காத ஆள் என்பதற்கு அத்தாட்சி என்றார். டக்வெல்லைத் தொலைபேசிக் குரலாக மட்டுமே அறிந்திருந்த டக்வெல் தரப்பு வழக்கறிஞர் வருத்தத்தோடு தலையசைத்தார்.

இன்று முடிவு எதுவும் இல்லை என்றார் நீதிபதி. இவர் அபாயமானவர் என்று பின்னால் ஒருவேளை முடிவாகலாம் என எண்ண இடமிருக்கலாமா என்பதே இன்றைய கேள்வி.

கெல்வின் அதை மூன்று முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். இருக்கலாம் போலத்தான் இருந்தது.

இரண்டு மனநல மருத்துவர்கள் பரிசோதிக்க வேண்டும். அதுவரை ஆளை வெளியே விடக் கூடாது என்று உத்தரவானது.

அந்த ஆள் நான்தான் என்று சொன்னால் உள்ளே போக வேண்டும். சொல்லாவிட்டால் அது ஒரு தனிக் குற்றமோ என்னவோ. கெல்வினின் கை தானாக மேலே போயிற்று.

“கைய எறக்கு பெரிசு! வேடிக்கை பாக்க வந்தவங்க பேசக் கூடாது,” என்று நீதிமன்றப் பணியாளர் அதட்டினார்.

எல்லோரும் எழுந்து நீதிபதிக்குத் தலை வணங்கினார்கள். கெல்வினும் வணங்கினார்.

வாசலில் சோதனைக் காவலர், காலையில் வாங்கி வைத்திருந்த பையைத் தேடி எடுத்தார். “என்ன பெரிசு, உள்ள ஏதாச்சும் வெளங்குச்சா?”

“என்னைய வெளிய விடக் கூடாதாம்.”

காவலர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே பையை நீட்டி, கதவையும் திறந்து பிடித்துக்கொண்டார்.

பையின் மேல் சிறையின் முத்திரையும், அதன் கீழே இரண்டு அங்குல எழுத்தில் கெல்வின் டக்வெல் என்ற பெயரும் இருந்தன.