பானைக்குள் கரண்டு

ஆவுடைநாயகம் ஊரறிந்த பெரிய மனிதர். அப்படிப்பட்டவர் பட்டப்பகலில், ஊசிப்போன கழுநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் புழக்கடையில் பூனைபோல் நுழைந்தார்.

வீட்டுக்காரர் நமசிவாயம் வாத்தியார் பள்ளிக்கூடம் போயிருந்தார். அவர் மனைவி பிரசவத்துக்குக் கீழப்பாவூர் போய் ஒரு மாதமாகிறது. புழக்கடைக் கதவு வழக்கம்போலத் திறந்தே கிடந்தது.

'கதவுக்குக் கொண்டி போடத் தெரியாத ஆளு, கரண்டு கண்டுபிடிக்கப் போறானாக்கும்!'

உள்ளே வரிசையாகப் பன்னிரண்டு பானைகள். எல்லாவற்றிலும் வயல் சேறு. சேற்றுக்குள் ஒரு கரிக்குச்சி, மேலே நிற்கும் தண்ணீரில் ஒரு கரிக்குச்சி. பானைக்குப் பானை கம்பி ஓடிக் கடைசியில் ஒரு பாட்டரிப் பெட்டியில் முடிந்தது.

மூக்கைப் பொத்திக்கொண்டு பானைக்கு ஒரு செம்பு வீதம் ஊற்றினார். நேற்று அழுகின பலாச்சுளை, முந்தாநாள் புளித்த கஞ்சி. மூன்று வாரமாக இதே திருப்பணிதான்.

காரணம் இல்லாமல் இல்லை. தென்காசியில் கரண்டு கம்பம் வரும் என்று பேச்சு மட்டும் வந்திருந்த காலம் அது. அந்தத் தெருவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்திருந்தவர் ஆவுடைநாயகம் ஒருவர்தான். கல்யாணமோ சடங்கோ, அவர் வந்து உட்கார்ந்து பம்பு அடித்தால்தான் மேளம் கொட்டும். முதல் பந்தியில் முதல் இலையும் அவருக்குத்தான்.

அப்பேர்ப்பட்டவர் முன்னால், காப்பிக் கடையில் வைத்து வாத்தியார் சொன்னார்: "சேத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிக இருக்கு அண்ணாச்சி. அது தின்னு செரிக்கையில கரண்டு வரும்னு இங்கிலீஷ் பத்திரிகையில போட்டிருக்கான். அதைச் சேத்து வச்சுப் பல்பு எரிக்கப் போறேன். இனி வெளிச்சத்துக்காக யாரும் யாரையும் காத்துக் கெடக்க வேண்டாம்."

கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது.

"பூச்சி ஏப்பம் விட்டா பல்பு எரியுமோவே? எரிஞ்சா என் பெட்ரோமாக்ஸைத் தூக்கிச் சித்தாத்துல போடுதேன்!"

"எரியலைன்னா என் பானைகளைப் போட்டுருதேன்" என்றார் வாத்தியார்.

ஆடிக் கடைசி வெள்ளி, பொழுது சாயும் நேரம் என்று பேச்சாயிற்று. எழுந்து வரும்போது வாத்தியார் அவர் காதோடு சொன்னார்: "உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன் அண்ணாச்சி. புளிச்சது, அழுகினது எதுவும் உள்ள விழுந்துச்சோ, இந்தப் பூச்சிகளைக் கையில பிடிக்க முடியாது!"

போதாதா? பூச்சி கெட்டால் பல்பு ஏது? மறுநாளே வாளியைத் தூக்கிவிட்டார் ஆவுடைநாயகம்.

வீட்டில்தான் பதில் சொல்லி மாளவில்லை.

"மாட்டுக்கு வச்ச கழுநீரை எங்கன கொண்டு போறிய? எருமை மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கி" என்றாள் மனைவி வடிவம்மாள்.

"தென்னைக்கு ஊத்துதேன்ளா."

"நம்ம வீட்டுல ஏது தென்னை?"

ஆடிக் கடைசி வெள்ளியும் வந்தது. மெல்லிய சாரலில் தெருவே வாத்தியார் புழக்கடையில் கூடிவிட்டது. ஆவுடைநாயகம் ஜரிகை வேட்டி கட்டி, கையில் எரியும் பெட்ரோமாக்ஸோடு வந்து நின்றார்.

"விளக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டான் கூட்டத்தில் நின்ற தெருப்பையன் சுடலையாண்டி.

"பானைகளைச் சுமந்துக்கிட்டு வாத்தியார் ஆத்துக்குப் போகணும்லா? வழியில தடுக்கி விழுந்துறக் கூடாதுல்லா!"

ஒரே சிரிப்பு. வாத்தியார் பானைகளுக்குப் பக்கத்தில் குந்தினார். பாட்டரிப் பெட்டியிலிருந்து வந்த கம்பியைச் சின்ன டார்ச் பல்பில் தொட்டார்.

பளிச்!

பல்பு எரிந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்... அணையாமல் எரிந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. பிறகு ஒரே விசில்.

"அண்ணாச்சி, ஆத்துக்கு விளக்கை நான் தூக்கிட்டு வரட்டுமா?" என்றான் சுடலையாண்டி.

ஆவுடைநாயகத்துக்கு முகம் செத்துப்போயிற்று. விளக்குப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இது போனால் நாளைக்கு எந்தக் கல்யாண வீட்டில் அவரை எவன் தேடுவான்?

"யாரும் அண்ணாச்சி விளக்கைத் தொடப்படாது!" வாத்தியார் குரல் ஓங்கி வந்தது. "பல்பு எரிஞ்சதே அவுக தயவுலதான். இந்தப் பூச்சிக்குப் புளிச்சதும் அழுகினதும்தான் சாப்பாடு. வீட்டுல ஆளில்லாம நானே கிளப்புக் கடையில சாப்பிடுதேன், கழுநீருக்கு எங்க போவேன்? தான் எருமைக்கு வச்சதைக் கொண்டாந்து, யாருக்கும் சொல்லாம, மூணு வாரமா ஊத்தி வளத்தது அண்ணாச்சிதான். பந்தயமெல்லாம் சும்மா விளையாட்டுக்கு!"

கூட்டம் கை தட்டியது. வடிவம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "இதுதானா நம்ம வீட்டுத் தென்னை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆவுடைநாயகத்துக்கு மட்டும் தலை நிமிரவில்லை. ஆயுசில் முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. கூட்டம் கலைந்த பிறகு வாத்தியார் பக்கத்தில் போய் நின்றார்.

"வாத்தியாரே... நான் எதுக்காக ஊத்துனேன்னா..."

"அது தெரியாமலா, அண்ணாச்சி, மூணு வாரமா கொண்டியைக் கழத்தி வச்சிருக்கேன்? நாளைக்கும் வாங்க. பலாச்சுளைன்னா இதுகளுக்கு உசிரு."