அகல் எண்ணெய்

ஆண்டுக்கு இத்தனை கரடி என்று சுட அனுமதி கேட்கலாமா என எஸ்டேட் கோயில் வாசலில் கூட்டம் போட்டிருந்தார்கள்.

"கதவ ஒடச்சு சாமி விளக்கு எண்ணெயக்கூட நக்கிட்டுப் போகுது. சுட்டாத்தான் அடங்கும்," என்றார் கங்காணி வேலாண்டி.

"காட்டையெல்லாம் தேயிலையாக்கிட்டா அது எங்கதான் போகும்?" என்று கத்தினாள் நாகவேணி.

பேச்சு முற்றியதும், கரடி அடித்துச் செத்த சின்னப்பனின் மனைவி பூங்காவனத்தைக் கேட்டார்கள். அவன் விழுந்த இடத்தில் அந்திதோறும் அகல் ஏற்றி வைப்பவள்.

"தாராளமா சுடுங்க," என்றாள். "ஆனா ஆளப் பாத்து சுடுங்க. அவரும் அந்தப் பக்கந்தான் வர்றாரு. காலையில போய்ப் பாத்தா அகல்ல சொட்டு எண்ணெய் இருக்கிறதில்ல."

உடைந்து கிடந்த கோயில் கதவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.