பொது இடம்

தேர்தல் அதிகாரி தவறாக வாசித்துவிட்டார் என்றுதான் துரைக்கண்ணு நினைத்தார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பியிருந்தார். தோற்றுப்போனது தெரிந்துவிட்டது. முதலில் வாசித்த பெயர் தெய்வானையுடையது. தனி இடம் அவளுக்கு.

அப்புறம் இரண்டாவது பெயர்.

"பொது இடம். பா. துரைக்கண்ணு."

தாலுகா ஆபீஸ் கூடத்தில் ஒருவரும் கைதட்டவில்லை.

துரைக்கண்ணு, மிராசுதார் ரங்கநாதரைப் பார்த்தார். ரங்கநாதர் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய் நின்றிருந்தது.

மருதங்கரைக்கு அப்போது சட்டசபையில் இரண்டு உறுப்பினர்கள். ஒரே தொகுதி, தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனி இடம் ஒன்று, பொது இடம் ஒன்று. அடுத்த தேர்தல் வருவதற்குள் இரட்டைத் தொகுதி என்பதையே எடுத்துவிடுவார்கள். மருதங்கரையையும் இரண்டாக வெட்டிவிடுவார்கள், ஆற்றுக்கு இந்தப் பக்கம் தனி, அந்தப் பக்கம் பொது என்று.

அன்றைக்கு அது வெட்டுப்படாமல் இருந்தது.

ஓட்டுப் போட வந்தவர்கள் கையில் இரண்டு சீட்டு. வேட்பாளருக்கு ஒரு பெட்டி.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு நம்ம துரைக்கண்ணுக்கு." ஊர் ஊராக ரங்கநாதர் சொன்னது இதுதான். போன தடவையும் பொது இடத்தில் ஜெயித்தவர். தனி இடத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. தன் நிலத்தில் உழுத பாவாடையின் மகன், எட்டாவது படித்தவன், எதிர்த்துப் பேசாதவன். கூப்பிட்டு நிறுத்தினார்.

தெய்வானையை யாரும் நிறுத்தவில்லை. அவளாக நின்றாள். பிரசவம் பார்க்கிறவள். சேரியில் மட்டுமல்ல, மழையில் வண்டி வராத நாட்களில் ஊருக்குள்ளும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். பின்வாசல் வழியாக.

ஊர்ப் பெண்கள் ஒரு சீட்டை வீட்டுக்காரர் சொன்ன பெட்டியில், ரங்கநாதர் பெட்டியில் போட்டார்கள். இன்னொன்றை அவளுக்குப் போட்டார்கள். ஊர் ஆண்கள் ரங்கநாதர் சொன்னபடி அவருக்கும் துரைக்கண்ணுவுக்கும் போட்டார்கள்.

சேரி ஒரு சீட்டைத் துரைக்கண்ணுவுக்குப் போட்டது. இன்னொன்றை அதுவும் அவளுக்கே போட்டது.

ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பும்போது துரைக்கண்ணு மனைவியிடம் கேட்டிருந்தார், ரெண்டாவது சீட்டை ஆண்டை பெட்டியில்தானே போட்டாய் என்று. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்துபோனாள்.

இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"இது எப்படி?" ரங்கநாதர் மேசையில் கையை ஊன்றினார். "அவன் நின்னது தனி இடத்துக்கு."

அதிகாரி வெளியூர்க்காரர். நிதானமாகத்தான் சொன்னார்.

"நிக்கிறப்போ எல்லாரும் தொகுதிக்குத்தாங்க நிக்கிறாங்க. தாழ்த்தப்பட்டவங்கள்ல யாரு அதிக ஓட்டோ அவங்களுக்குத் தனி இடம். அது அந்த அம்மாவுக்குப் போயிடுச்சு. மிச்சம் இருக்கிற எல்லார்லயும் யாரு மேலேயோ அவருக்குப் பொது இடம். இவரு உங்களைவிட மேலே இருக்காரு."

"அது பொது இடம்யா."

"ஆமாங்க. பொதுன்னா இவரும்தாங்க."

துரைக்கண்ணு அந்த வார்த்தையை முதல்முறை கேட்பதுபோல் கேட்டார்.

பொதுக்குளம் இருந்தது. அவர் அதில் கால் நனைத்ததில்லை. பொதுக்கிணறு இருந்தது. பொதுப்பாதையில் அவர் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்.

ரங்கநாதர் அவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"உங்க ஆளுங்ககிட்ட என்னடா சொன்னே?"

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன், ஆண்டே."

உண்மை. ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லியிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்டுக்கொண்டார்கள் என்று நம்பியிருந்தார்.

"சரி. ஆனது ஆச்சு." ரங்கநாதர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "ராஜினாமான்னு எழுதிக் குடுத்துடு. மறுபடியும் தேர்தல் வைப்பான். உனக்கு வேற ஏதாவது பாத்துப் பண்றேன்."

பேனா நீட்டியபடியே இருந்தது.

துரைக்கண்ணுவின் கை அதை வாங்க உயர்ந்தது. எது நீட்டினாலும் வாங்கிப் பழகிய கை. பாதி தூரத்தில் அவரே அதைப் பார்த்தார்.

சுவரோரம் தெய்வானை நின்றிருந்தாள். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேங்க."

யார் பேசியது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. தன் குரல்தான். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

ரங்கநாதர் முகத்தில் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் துரைக்கண்ணுவுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். வந்தது வேறொன்று. வீட்டுக் கதவைத் திறந்ததும் உள்ளே ஆறு ஓடுவதைப் பார்த்தவர்போல் நின்றார்.

பிறகு பேனாவைப் பையில் செருகிக்கொண்டு நடந்தார். காரை எடுக்கச் சொல்லி வெளியே யாரோ கத்தினார்கள்.

துரைக்கண்ணுவும் வெளியே போகத் திரும்பினார். எங்கே போவது என்று தெரியவில்லை. வந்தது அந்தக் காரில்தான்.

"எம்.எல்.ஏ. சார், ஒரு நிமிஷம்!"

அதிகாரி கூப்பிட்டார்.

வாசற்படியில் கால் வைத்திருந்த ரங்கநாதர் சட்டென்று திரும்பினார்.

துரைக்கண்ணு திரும்பவில்லை. வழியை மறிக்காமல் சுவரோடு ஒதுங்கி நின்றார்.

தெய்வானை அருகில் வந்து மெல்லச் சொன்னாள்:

"அண்ணே, உங்களத்தான்."