பத்தொன்பதாவது மகாராணி

“முகத்தை எதுக்குங்க இப்படிச் சுரண்டி வெச்சீங்க?”

அனிதா கேட்டதும் துர்கா கையிலிருந்த அரிவாளை முறத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

கே.ஜி.கண்டிகையில் அவள் புருஷன் எல்லப்பன் வீட்டுக்குப் பின்னால் கக்கூசுக்குக் குழி தோண்டியபோது ஒரு பானை கிடைத்தது. உள்ளே பதினெட்டு வெண்கலக் காசுகள். யாரோ தாலுகா ஆபீசில் சொல்லி, ஐந்து நாள் கழித்து அருங்காட்சியகத்திலிருந்து அனிதா வந்திருந்தாள். பதினெட்டிலும் கொண்டையும் கிரீடமும்தான் மிச்சம். முகம் இருந்த இடத்தில் புதுக் கீறல்கள் பளபளத்தன.

இவை ரோமாபுரி மகாராணியின் காசுகள், ஆயிரத்து அறுநூறு வருஷப் பழசு, சிதைத்தால் கேஸே வரும் என்று அனிதா கோபப்பட்டாள்.

எல்லப்பன் தலைகுனிந்து நின்றான். துர்காதான் மெதுவாகச் சொன்னாள். பானை வந்ததிலிருந்து அவர்களுடைய நாலு வயது மகள் சாப்பிடவில்லை. காசுகளின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. நேற்று எல்லாவற்றையும் சுரண்டிய பிறகுதான் ஒரு வாய் கஞ்சி குடித்தாள்.

“அந்தம்மா என்னயே பாத்துகினு கீதுன்னு சொல்லுதுங்க பாப்பா.”

அனிதாவுக்கு இரக்கமாக இருந்தது. காய்ச்சலாக இருக்கும், திருத்தணி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றாள்.

கிளம்பும்போது எல்லப்பன் துணியில் சுற்றிய இன்னொரு காசை நீட்டினான். அன்று காலையில்தான் குழியில் அகப்பட்டதாம். அதில் முகம் முழுசாக இருந்தது. நீண்ட மூக்கு, இறுகிய உதடு, முத்துச்சரம் சுற்றிய கொண்டை.

துர்கா அரிவாளை எடுத்தாள். “இதயும் சுரண்டிட்றேன் மேடம். அப்பறமா எடுத்துகினு போங்க.”

அனிதா அவசரமாக வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் திறக்கும்வரை தன் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்றாள். தன் சின்ன மகளுக்கும் காட்டலாம் என்று ஆசை.

பஸ் நிறுத்தம் வரை துர்கா கூடவே வந்தாள். அனிதா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“மேடம், அந்தம்மாவுக்கு எத்தினி கண்ணு தெரியுது?”

அனிதா காசை எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். “ஒண்ணுதான். பக்கவாட்டுல பாக்கற முகமாச்சே, இன்னொண்ணு எப்படித் தெரியும்?”

பஸ் நகர்ந்தது. துர்கா கம்பியை விட்டாள்.

“எங்களுக்கும் மொத நாளு ஒண்ணுதாங்க தெரிஞ்சுது.”