இடுக்கை அடைத்த கற்கள்

தண்ணீர் இறங்கட்டும் என்று இடைவெளி விட்டுக் கல் பதித்த தோட்டப் பாதையில், கொத்தனார் பழக்கதோஷத்தால் இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசிவிட்டார். பெய்த மழை வழுக்கிக்கொண்டு தெருச் சாக்கடைக்கு ஓடியது. பக்கத்தில் நின்ற மாதுளை பிஞ்சுகளை உதிர்த்தது.

“கொஞ்சம் வழி விடுங்கப்பா, வேர் காயுது.”

“இப்பத்தான் ஒத்துமையா இருக்கோம். பொறுக்கலையா உனக்கு?” என்றன கற்கள்.

“ஒத்துமையாம்! என் வாயைக் கட்டுறதுக்கா?”

மறுபடி வானம் இருட்டியது. இந்த மழையும் ஓடிப்போனால் பிழைக்க முடியாது. மாதுளைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அப்போது பாதைக்கு அடியில் பறண்டும் சத்தம் கேட்டது.

“யாருடா அது, மண்ணைப் பறிக்கிறது?” கற்கள் அலறின. ஒரு கல் சரிந்தது, பூச்சு உடைந்தது, மழை மடமடவென்று உள்ளே இறங்கியது. மாதுளை வேர் நனையக் குடித்தது.

“எவன்டா என் வளையில தண்ணி விட்டது?” என்று நனைந்த மூக்கை வெளியே நீட்டியது பெருச்சாளி.